பூக்காத பதினொரு ஆண்டுகளில் நீலக்குறிஞ்சிக்கு என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: 2030இல் கொடைக்கானலிலும் மூணாறிலும் நீலக்குறிஞ்சி மறுபடி பூக்கும் என்கிறார்கள். அதே சமயம் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மலையில் குறிஞ்சி பூத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அப்படியானால் அது எப்படி அரிய செடி ஆகும்? விடுதிகளும் சாலைகளும் பெருகுவதால் அதற்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா? விதை கிடைத்தால் வீட்டில் வளர்த்துக் காப்பாற்ற முடியாதா?

ஆபத்து இருக்கிறது. ஆனால் அது எப்போது வருகிறது என்பதை நாம் சரியாகக் கவனிப்பதில்லை. குறிஞ்சி பூக்கும் ஆண்டில் வனத்துறை, காவல்துறை, பத்திரிகைகள், தன்னார்வலர்கள் என்று ஊரே திரண்டு நிற்கும். ஒரு கொத்தைப் பறித்தவரைக்கூட அந்த ஆண்டில் பத்துப் பேர் தட்டிக் கேட்பார்கள். மீதிப் பதினொரு ஆண்டுகளும் அது புல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒரு சாதாரணப் பச்சைப் புதர். அதைப் பார்ப்பதற்காக யாரும் மலை ஏறுவதில்லை. மனை பிரிப்பது, சரிவை வெட்டிச் சமன் செய்வது, பாதை போடுவது, "பசுமையாக்குகிறோம்" என்று மரக்கன்று நடுவது எல்லாம் அந்தப் பதினொரு ஆண்டுகளில்தான் நடக்கின்றன. குறிஞ்சி அழிவதும் அப்போதுதான். கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் ஆண்டுதோறும் வரும் செய்திகளைப் பார்ப்போம். குறிஞ்சி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே ஒரு செடியை அல்ல. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்தில் உலகம் முழுவதும் சில நூறு இனங்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே பல பத்து இனங்கள் உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும். சில ஏழு எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். மகாராஷ்டிர மலைகளில் கார்வி என்று அழைக்கப்படும் இனம் அப்படிப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு வைத்திருக்கும் நீலக்குறிஞ்சி, ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்ற ஓர் இனம். மற்ற இனங்களில் ஏதாவது ஒன்று பூத்தாலும் "அரிய குறிஞ்சி மலர்ந்தது" என்றுதான் செய்தி வருகிறது. அதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் வாசகர் மனத்தில் "இது எங்கும் இருக்கிறது, எப்போதும் பூக்கிறது" என்ற எண்ணம் படிந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நீலக்குறிஞ்சியே எல்லா மலைகளிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. ஒவ்வொரு மலைத்தொகுதிக்கும் அதனதன் முறை இருக்கிறது. கொடைக்கானல், மூணாறு, அதை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா ஆகிய பகுதிகளின் பெரும் பூப்பு 1982, 1994, 2006, 2018 என்று வந்தது. பின்னோக்கிப் போனால் 1838 வரை பதிவு உண்டு. அடுத்தது 2030. ஆனால் குடகில் மந்தல்பட்டிப் பகுதியில் 2021இல் பூத்தது. இடுக்கி மாவட்டத்தில் சாந்தன்பாறை அருகேயுள்ள கள்ளிப்பாறை மலை 2022இல் நீலமானது. ஊட்டியைச் சுற்றி எப்பநாடு, பிக்கபத்தி மந்து மலைச்சரிவுகளில் 2024இல் பூத்தது. இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செடிக்கூட்டம். கள்ளிப்பாறையில் இருக்கும் கூட்டம் அழிந்தால் இரவிகுளத்தில் இருப்பது அதை ஈடு செய்யாது, ஏனென்றால் இரண்டும் ஒரே ஆண்டில் பூப்பதே இல்லை. "வேறு இடத்தில்தான் இருக்கிறதே" என்ற சமாதானம் இந்தச் செடிக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் நீலக்குறிஞ்சி முதன்முறையாக முறைப்படி மதிப்பிடப்பட்டு, 'அழிவாய்ப்பு இனம்' என்ற பிரிவில் சேர்க்கப்பட்டது. அந்த மதிப்பீட்டின்படி உலகத்தில் இதற்கு இருப்பது 34 கூட்டங்கள். அவற்றில் 33 மேற்குத் தொடர்ச்சி மலையில். ஒன்று மட்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில். எல்லாவற்றையும் கூட்டினால் அது வாழும் பரப்பு சுமார் 220 சதுர கிலோமீட்டர். வாழிடத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் ஏற்கெனவே போய்விட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,340 மீட்டருக்கும் 2,600 மீட்டருக்கும் இடைப்பட்ட திறந்த புல்வெளிச் சரிவுகள்தான் அதற்குப் பிடித்த இடம். தேயிலைக்குப் பிடித்த உயரமும் இதற்குள்தான் வருகிறது. கோடையில் குளிரைத் தேடி வருகிறவர்களுக்கு விடுதி கட்டப் பிடித்த உயரமும் இதுவேதான். குறிஞ்சிக்கு வந்த சோதனையின் வேர் இந்த உயரக் கணக்கில் இருக்கிறது.

இப்போது செடியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பூக்காத ஆண்டில் அடையாளம் காணத் தெரிந்தவர்கள் குறைவு என்பதே அதன் பெரிய பலவீனம். திறந்த வெளியில், காற்றும் உறைபனியும் அடிக்கும் சரிவில், அது ஒன்று அல்லது இரண்டு அடி உயரத்தில் நெருக்கமாகக் கிளைத்துக் குத்தாக நிற்கும். சோலையின் (மலை மடிப்புகளில் வளரும் அடர்ந்த காட்டின்) ஓரத்தில் நிழலும் ஈரமும் கிடைத்தால் ஆள் உயரத்தைத் தொடும். தண்டு கருமை கலந்து விறகு போல இறுகியிருக்கும். இலைகள் எதிரெதிராக, தடிப்பாக, ஓரம் பற்கள் பற்களாக இருக்கும். நரம்புகள் புடைத்துத் தெரியும். பூக்கும் ஆண்டில் இலையும் தண்டும் சேரும் கக்கங்களிலிருந்து செதில் செதிலாக அடுக்கிய கதிர்கள் கிளம்பும். ஒவ்வொரு செதிலுக்குள்ளிருந்தும் ஒரு மணி வடிவப் பூ எட்டிப் பார்க்கும். தனிப் பூவின் அளவு ஒரு கட்டைவிரல் நுனிதான். மலர்ந்த புதிதில் வெளிர்நீலமாக இருந்து, நாள் ஆக ஆக ஊதா ஏறும். ஆகவே மலை முழுவதும் ஒரே நீலமாக இருக்காது. ஒரே புதரில்கூட மூன்று நான்கு சாயல்களைப் பார்க்கலாம். பூக்கும் மாதங்களில் அந்தச் சரிவில் நின்றால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. தேனீக்களின் ரீங்காரம் சரிவு முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். நம் அடுக்குத் தேனீயே இதன் முக்கிய மகரந்தச் சேர்க்கையாளர். குறிஞ்சித் தேனுக்கு மலைவாழ் மக்களிடம் இருக்கும் மதிப்பு அங்கிருந்து வருகிறது. பளியர்களும் முதுவர்களும் ஒருவருடைய வயதையே எத்தனை குறிஞ்சிப் பூப்பைப் பார்த்தார் என்று கணக்கிட்டு வந்திருக்கிறார்கள்.

பூ முடிந்த பிறகு நடப்பதைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதற்குள் பார்க்க வந்தவர்கள் மலையிறங்கிப் போயிருப்பார்கள். குறிஞ்சி வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்துச் சாகும் செடி. சரிவு முழுவதும் பழுப்பாகி, புதர்கள் நின்ற நிலையிலேயே காயும். காய் முற்றி உலர்ந்ததும் வெடித்து விதையை வெளியே தள்ளும். அந்த விதைக்குக் காற்றில் பறக்க இறகு கிடையாது. பறவை விழுங்கித் தொலைவில் போட, சதைக்கனியும் கிடையாது. தாய்ச்செடி நின்ற இடத்தைச் சுற்றியே விழுந்து, மழை வந்ததும் முளைக்கும். எல்லாச் செடிகளும் ஒரே வயதில் இருப்பதும், பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒன்றாகப் பூப்பதும் இப்படி ஒன்றாக முளைப்பதால்தான். ஒரே சமயத்தில் கோடிக்கணக்கில் விதை விழும்போது எறும்பும் எலியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். கூட்டமாகப் பூப்பதில் குறிஞ்சிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அது.

இந்த வாழ்க்கை முறையை நிதானமாக யோசித்துப் பார்த்தால் ஆபத்து புரியும். ஆண்டுதோறும் பூக்கும் செடியை ஒருவர் வெட்டினால் ஓராண்டு விதைதான் போகும். ஒன்பதாவது ஆண்டில் ஒரு குறிஞ்சிச் சரிவை பொக்லைன் வைத்து வழித்தால் அந்தச் சரிவின் எதிர்காலமே போகும். பழைய தலைமுறை விதை போட்டு எட்டு ஆண்டு ஆகிவிட்டது. அந்த விதைகள் எல்லாம் முளைத்துத்தான் இப்போது செடியாக நிற்கின்றன. இந்தத் தலைமுறை விதை போடும் வயதுக்கு இன்னும் வரவில்லை. மண்ணுக்குள் இருப்பு என்று எதுவும் மிஞ்சியிருக்காது. பக்கத்து மலையிலிருந்து விதை நடந்து வரவும் முடியாது. அதோடு, கூட்டம் சிறுத்துவிட்டால் விதை தின்பவைகளுக்கு மிஞ்சி நிற்கும் எண்ணிக்கையும் கிடைக்காது. ஐம்பது புதர்கள் மிச்சம் இருக்கிறதே என்று நாம் நிம்மதி அடையலாம். அந்த ஐம்பதும் பூத்து, அவற்றின் விதை முழுவதையும் எறும்பு இழுத்துப் போய்விடலாம்.

யார் அழிக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடுதிக்காரரை மட்டும் கை காட்டுவது எளிது. அது நியாயமான கணக்காக இருக்காது. மலைப் புல்வெளியை வெற்று நிலமாகப் பார்க்கும் பழக்கம் ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடர்கிறது. மரம் இல்லாத மலையைப் பார்த்தவுடன் "இது வீணாகக் கிடக்கிறது" என்று நினைத்தார்கள். 1840களிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நீலகிரிக்கு வந்தன. அடுத்துத் தேயிலை சரிவு சரிவாக ஏறியது. சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் கூடியது. செயற்கைப் பட்டு நூலுக்கு மரக்கூழ் வேண்டும், தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும் என்று நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் அரசே ஏக்கர் கணக்கில் கற்பூரம், சீகை, பைன் நட்டது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை 1973 முதல் 2014 வரை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, அந்த நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதைக் காட்டியது. சோலைக்காடும் குறைந்தது, ஆனால் புல்வெளி அளவுக்கு இல்லை. காட்டைக் காப்பதில் கொஞ்சமாவது அக்கறை இருந்தது. புல்லைக் காக்க யாருக்கும் தோன்றவில்லை.

புல் என்று அலட்சியமாகச் சொல்கிறோம். வரையாடு மேய்வது இந்தப் புல்லில். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை உலகத்திலேயே இந்த மலைகளின் புல்வெளியில் மட்டும்தான் கூடு கட்டுகிறது. மழையை வாங்கிச் சோலைக்குள் கசியவிட்டு, பிறகு மாதக்கணக்கில் ஓடையாக விடுவதும் இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்த அமைப்புதான். பழனி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் நிரப்பும் அணைகளை நம்பித்தான் கீழே வறண்ட சமவெளியில் உழவு நடக்கிறது. குறிஞ்சி இருக்கும் சரிவு என்றால் அங்கே புல்வெளி இன்னும் உருப்படியாக இருக்கிறது என்று பொருள். ஒரு பூவுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

இனி கட்டுமானத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு வருவாய்ப் பதிவேடுகளில் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று ஒரு வகைப்பாடு இருக்கிறது. சமவெளியில் அதற்கு ஏதோ ஒரு பொருள் இருக்கலாம். மலையில் ஒரு முழுப் புல்வெளியையும் தரிசு என்று எழுதிவைத்துவிட்டால், அதற்குப் பிறகு அங்கே எது கட்டினாலும் அது 'பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது' ஆகிவிடுகிறது. பட்டா நிலங்களின் கதை வேறு. கொடைக்கானல் மேல்மலையில் தலைமுறை தலைமுறையாக உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டவர்கள், விளைச்சல் கட்டுப்படியாகாமல் நிலத்தை விற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வாங்குபவர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவைத்தான் கேட்கிறார்கள். உழவு நடந்த சமதளம் அவர்களுக்கு வேண்டாம். உழாமல் விடப்பட்ட, புல்லும் குறிஞ்சியும் மிஞ்சியிருந்த விளிம்புகள்தான் அந்தச் சரிவுகள்.

மேல்மலை ஊர் ஒன்றில் அப்படி ஒரு மனையைப் பார்த்தேன். மூன்று தங்கும் குடில்களுக்காகச் சரிவைப் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளியதில் அடுத்த சரிவும் மூடிப்போயிருந்தது. மண் குவியலின் ஓரத்தில் வேரோடு பிடுங்கப்பட்ட குறிஞ்சிக் குத்துகள் சாய்ந்து கிடந்தன. இலை இன்னும் வாடவில்லை. வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தவரிடம் அது என்ன செடி என்று கேட்டேன். "அது வெறும் புதர்தான் சார், சுத்தம் பண்ணிட்டு இருக்கோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. அவர் கட்டிக்கொண்டிருந்த விடுதியின் முகப்பில் வரையவிருந்த படத்தில் இருந்தது நீலக்குறிஞ்சிப் பூ.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியல் அப்போது 6 இனங்களிலிருந்து 19 ஆக விரிந்தது; நீலக்குறிஞ்சியும் அதில் இடம்பெற்றது. வன நிலத்தில் அதைப் பறிப்பது, பிடுங்குவது, சேதப்படுத்துவது, சேகரிப்பது எல்லாம் சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிடுங்கக் கூடாது என்ற தடை வன நிலத்துக்கும் அரசு தனியாக அறிவிக்கும் பகுதிகளுக்கும்தான். தன் பட்டா நிலத்தில் நிற்கும் குறிஞ்சியை ஒருவர் பொக்லைன் வைத்து அள்ளினால் அந்தப் பிரிவு அங்கே எட்டாது. காட்டில் ஒரு பூவைப் பறிக்கும் சுற்றுலாப் பயணி குற்றவாளி. அரை ஏக்கர் புதரை அழிப்பவர் கட்டட அனுமதி பெற்ற உரிமையாளர். எனக்குத் தெரிந்து இப்போதைய பெரிய ஓட்டை இதுதான்.

அந்த ஓட்டையை அடைக்க வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் மலைக் கிராமங்களில் கட்டடம் கட்டவும் நிலத்தைப் பிரிக்கவும் 'ஹாகா' என்று அழைக்கப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவை என்ற ஏற்பாடு 1990 முதல் இருக்கிறது. நிலச்சரிவு அபாயம், சரிவின் அளவு, வனத்துறையின் கருத்து எல்லாம் அங்கே பார்க்கப்படுகின்றன. அந்த ஆய்வில் "இந்தப் புல எண்ணில் இயற்கைப் புல்வெளி இருக்கிறதா, குறிஞ்சி இருக்கிறதா" என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்கினால் போதும். புதிய சட்டம் எதுவும் வேண்டாம். குறிஞ்சி நிற்கும் பகுதிகளைச் சட்டத்தின் கீழ் அரசு தனியாக அறிவிப்பது இன்னும் வலுவான வழி. கேரளம் 2006இல் வட்டவடை, கொட்டக்கம்பூர் கிராமங்களில் 3,200 ஹெக்டேரைக் குறிஞ்சிமலை சரணாலயமாக அறிவித்தது. ஒரு பூவை முன்வைத்து அறிவிக்கப்பட்ட சரணாலயம் என்பது பெருமைதான். ஆனால் அதற்குள் இருக்கும் பட்டா நிலங்கள், குடியேற்றங்கள், எல்லைத் தகராறு ஆகியவை பல ஆண்டுகள் இழுத்தடித்தன. அங்கே விவசாயம் செய்கிறவர்களை முதல் நாளிலிருந்தே கூட்டாளிகளாகச் சேர்க்காமல் வரைபடத்தில் மட்டும் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம். தமிழகப் பக்கத்தில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. மேல்பழனியின் நல்ல புல்வெளிகள் சில அதற்குள் வருகின்றன.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. பேரிஜம் வழியாக மூணாறு போகும் பழைய கொடைக்கானல் சாலை 1990இல் மூடப்பட்டது. அதைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழும். இரண்டு கோடைவாசத் தலங்களுக்கு இடையே சுற்றுலா வாகனம் தடையின்றி ஓடினால் வியாபாரம் பெருகும் என்பது உண்மை. அந்தச் சாலை போகும் உயரத்தையும் அதன் இருபுறமும் மிஞ்சியிருக்கும் சோலையையும் புல்வெளியையும் பார்த்தவர்கள் அந்தக் கோரிக்கையை ஏற்க மாட்டார்கள். மலையில் சாலை என்றால் தார் போட்ட அகலம் மட்டும் கணக்கில்லை. வெட்டிய மண் கீழே சரியும். ஓரத்தில் கடை வரும். கடைக்குப் பின்னால் மனை வரும். மண் கிளறப்பட்ட ஓரங்களில் முதலில் முளைப்பது சீகையும் மற்ற அந்நியக் களைகளும்தான், குறிஞ்சி அல்ல.

அடுத்து, வீட்டில் வளர்க்கலாமா? வேண்டாம் என்பதே என் பதில். முதல் காரணம் சட்டம்: பட்டியலில் உள்ள தாவரத்தை உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டவை. இணையத்தில் 'நீலக்குறிஞ்சி விதை' என்று விற்பவர்களிடம் வாங்குவது, ஏமாறுவதாகவோ குற்றத்துக்குத் துணை போவதாகவோதான் முடியும். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. குறிஞ்சியை ஒரு தொட்டியில் உயிரோடு வைத்திருந்தால் குறிஞ்சி காப்பாற்றப்பட்டதாக ஆகாது. தனியாகப் பூக்கும் ஒரு செடிக்கு மகரந்தம் கொண்டுவர இன்னொரு செடி வேண்டும். விதை விழுந்து முளைக்கத் திறந்த புல்வெளி வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ அதற்கு வேண்டிய குளிரே கிடையாது. கட்டுமானம் நடக்கும் இடத்திலிருந்து செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிடுகிறோம் என்று சில நிறுவனங்கள் முன்வருவதுண்டு. நல்ல எண்ணத்தோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெயர்த்து நடும் இடம் ஏற்கெனவே நல்ல புல்வெளி என்றால் அங்கே குழி தோண்டுவதே சேதம். மோசமான இடம் என்றால் செடி பிழைப்பதே சந்தேகம். பெயர்ப்பதை ஒரு மாற்று ஏற்பாடாக ஏற்றுக்கொண்டால் அடுத்த மனைக்கும் அதே சமாதானம் சொல்லப்படும்.

அந்நிய மரங்களை வெட்டி எறிந்துவிட்டால் புல்வெளி திரும்பிவிடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவ்வளவு எளிதாகத் திரும்பாது. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் நாற்றுகள் பாய் விரித்தது போல முளைக்கும். நெருப்பு பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். ஆண்டு தவறாமல் கையால் பிடுங்க ஆள் இருந்தால்தான் வெட்டுவதில் பயன். அதேபோல, முதிர்ந்த சில அந்நிய மரத் தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருவதைக் கொடைக்கானலில் வேலை செய்பவர்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கே கோடரி வைப்பது முளைக்கும் சோலையையும் சேர்த்து அழிக்கும். ஆகவே முதல் வேலை, இன்னும் புல்வெளியாக இருக்கும் இடத்தில் சீகை நுழைவதைத் தடுப்பது. இதில் செலவும் குறைவு, பலனும் அதிகம். அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. அதே ஆண்டில் 25 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட ஒதுக்கீட்டில் நீலகிரி வரையாடு திட்டத்தையும் அறிவித்தது; புல்வெளி மீட்பு அதன் ஒரு பகுதி. மூணாறுக்கு அப்பால் பழத்தோட்டம் என்ற இடத்தில் உள்ளூர் மக்களே சேர்ந்து அந்நிய மரங்களை அகற்றிப் புல் நட்டு வளர்த்திருக்கிறார்கள். வேலை மெதுவானது, ஆனால் நடக்கக்கூடியது என்பதற்கு அது சான்று.

இதையொட்டிச் சொல்ல வேண்டிய இன்னொன்று, கேட்கச் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். மலையில் மரம் நடும் விழாக்களை நிறுத்த வேண்டும். கல்லூரியும் நிறுவனமும் பேருந்து வைத்து வந்து ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கன்றுகளை நட்டுவிட்டுப் போகிறார்கள். நடுவதற்கு எளிதாக இடம் எங்கே கிடைக்கும்? மரம் இல்லாத புல்வெளியில். ஒவ்வொரு குழியும் ஒரு குறிஞ்சி நாற்றின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கன்று பிழைத்தால் அதன் நிழல் சுற்றியுள்ள எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். உங்கள் அமைப்பில் அப்படி ஒரு திட்டம் வந்தால், நடப்போகும் இடம் இயற்கைப் புல்வெளியா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் அந்தப் பணத்தைச் சீகை நாற்று பிடுங்கும் கூலிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சுற்றுலாப் பயணிகள் செய்யும் சேதத்தை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள் என்பதுதான். 2022இல் கள்ளிப்பாறையில் கூட்டம் முண்டியடித்தது. பூவைப் பறித்தார்கள், பிளாஸ்டிக்கைப் போட்டார்கள், செடிகளுக்கு நடுவே புதுப் பாதை மிதித்தார்கள். 2018இல் ஆகஸ்ட் வெள்ளம் மூணாறுச் சாலைகளைத் துண்டித்ததால் அந்த முறை கூட்டம் எதிர்பார்த்த அளவு சேரவில்லை. 2030இல் அந்தத் தடை இருக்காது. சமூக ஊடகங்களின் வேகம் பல மடங்கு கூடியிருக்கும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறை, வாகன எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த ஒரு கருவி. இரவிகுளத்தில் நடப்பதுபோல வழி வகுத்து, வரிசையாக, குறிப்பிட்ட பாதையில் மட்டும் பார்க்க விடும் ஏற்பாட்டைக் கொடைக்கானல் மேல்மலையிலும் இப்போதே திட்டமிட வேண்டும். பூக்கத் தொடங்கிய பிறகு கயிறு கட்ட ஓடினால் நடக்காது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை, பூக்காத இந்த ஆண்டுகளிலேயே குறிஞ்சி எங்கெங்கே நிற்கிறது என்று புல எண் வாரியாகக் குறித்துவைப்பது. இலையையும் தண்டையும் பார்த்து அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் மலையூர்களின் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் வனத்துறையோடு சேர்ந்து இதைச் செய்ய முடியும். எங்கே, எவ்வளவு பரப்பில், கடைசியாக எந்த ஆண்டு பூத்தது, அருகில் சீகை நுழைந்திருக்கிறதா, நிலம் யாருடைய வகைப்பாட்டில் இருக்கிறது என்ற ஐந்து விவரங்கள் போதும். ஊர்ப் பெரியவர்களுக்குப் பூத்த ஆண்டுகள் நினைவில் இருக்கும்; கேட்டு எழுதிவைக்கலாம். அந்தப் பட்டியலை கிராம சபைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கும் வன அலுவலருக்கும் அனுப்பினால், "இங்கே குறிஞ்சி இருந்ததே எங்களுக்குத் தெரியாது" என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது.

மலையில் உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ பட்டா நிலம் இருந்தால் உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். கட்டுவதாக இருந்தால் ஏற்கெனவே உழுத பகுதியில் கட்டுங்கள். உழாத சரிவை அப்படியே விடுங்கள். மாடு மேய்ந்தாலும் பரவாயில்லை, பொக்லைன் மட்டும் ஏற வேண்டாம். 2030இல் உங்கள் நிலத்தில் குறிஞ்சி பூத்தால், பூ முடிந்ததும் "காய்ந்த புதரை அப்புறப்படுத்துகிறோம்" என்று தோட்ட வேலைக்காரர்கள் வெட்டித் தீ வைக்க வருவார்கள். அப்போது விடாதீர்கள். காய் வெடித்து விதை மண்ணில் விழும்வரை அந்தக் காய்ந்த குத்துகள் அங்கேயே நிற்க வேண்டும். 2031 மழையில் புல்லுக்கு இடையே முளைக்கும் விரலளவு நாற்றுகளைக் களை என்று நினைத்துக் கொத்திவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 2042இல் அந்தச் சரிவில் பூக்க வேண்டியவை அவைதான்.